மாயக்கதை ஆர்வலரின் வாசிப்பும் எழுத்தும்

கதைகள் பலவகைப்படும். உலகில் உள்ளதை உள்ளவாறே காட்டுவன சில. முன்னர் நிகழ்ந்தவற்றை நினைவூட்டுவன சில. உலகில் இல்லாத ஒன்றை உண்டென நாட்டி, அந்நாட்டத்தின்மேல் எழும்புவன வேறு சில. இம்மூன்றாம் வகையினையே யாம் மாயக்கதை என்கின்றோம். இக்காலத்தார் மிகைபுனைவு எனவும் வழங்குவர்.

இவ்வகைக் கதைகளில் ஈடுபாடுடைய மாணவனை நம் சமூகம் பொதுவாக நன்கு மதிப்பதில்லை. பெற்றோர் அவன் கைநூலைப் பறிப்பர். ஆசிரியர் அதனை மேசை அறையுள் வைத்துப் பூட்டுவர். பொய்க்கதையிற் பொழுதைப் போக்குகின்றான் என்பதே அவன்மேல் ஏற்றப்படும் குற்றம். இக்குற்றச்சாட்டுப் பொருந்துமா என்பதனை, அவ்வார்வலரின் வாசிப்பு, எழுத்து, பொழுதுபோக்கு என்னும் மூன்றினையும் நோக்கி ஆராய்வாம்.

முதலில் வாசிப்பு. மாயக்கதையில் எதுவும் நிகழலாம் என்று எண்ணுவது தவறு. வேதாளக் கதையை எடுத்துக்கொள்வோம். விடை தெரிந்தும் விக்கிரமாதித்தன் வாய் திறவாதிருந்தால் அவன் தலை வெடித்துச் சிதறும். வாய் திறந்தாலோ வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறும். இவ்விரு விதிகளும் சிறிதும் பிறழாமையினாலேயே கதை நடக்கின்றது. வேதாளம் உண்டு என்பதனை ஒருமுறை ஒப்புக்கொண்டபின், எஞ்சிய யாவும் முறையாகவே தொடர்கின்றன. கேத்திரகணித மாணவன் சில மெய்க்கோள்களை ஏற்று, அவற்றினின்றும் முடிபு காணுதலும் இத்தகையதன்றோ? விதி எங்கே மீறப்பட்டது என்பதனைக் கண்டுபிடிப்பதில் மாயக்கதை வாசகரைப் போன்ற கடுமையான நடுவரைக் காண்டல் அரிது.

இவ்வாசிப்பு நமக்குப் புதியதன்று. பாட்டிமார் கூறிய கதைகளும், விக்கிரமாதித்தன் கதையும், மதனகாமராசன் கதையும் தலைமுறை தலைமுறையாக வழங்கியவை. 1947 இல் தொடங்கி, இந்நூற்றாண்டின் முற்பகுதியில் நின்றுபோன 'அம்புலிமாமா' ஈழத்துச் சிறுவருக்கும் விருந்தாயிற்று. நம் கிழக்கு மாகாணத்தையே நோக்கினால், திருகோணமலை எஸ். இன்னாசித்தம்பி 1891 இல் 'ஊசோன் பாலந்தை கதை' என்னும் நூலை வெளியிட்டார். ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்க முயற்சிகளுள் ஒன்றாக எண்ணப்படும் அந்நூலின் மூலம், இடைக்கால ஐரோப்பாவில் வழங்கிய அற்புதக் கதையாகும். காட்டிற் பிறந்த இரட்டையருள் ஒருவனைக் கரடி வளர்க்க, மற்றவன் அரண்மனையில் வளர்கின்றான். நம் நாவலிலக்கியத்தின் வாயிலிலேயே மாயக்கதை நின்றது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி எழுத்து. இத்துறையில் உலகறிந்தவர் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். அவரும் நம்மனோரைப் போல ஓர் ஆசிரியரே. பரீட்சை விடைத்தாள் திருத்துகையில் எழுதப்படாது விடப்பட்டிருந்த ஒரு பக்கத்தைக் கண்டு, அதில் ஒரு வாக்கியத்தை எழுதினார். அதுவே 1937 இல் வெளியான 'ஹொபிற்' நூலின் தொடக்கமாயிற்று. அதனைத் தொடர்ந்து எழுதப் புகுந்த பெருங்கதையோ பன்னீராண்டு உழைப்பினை வேண்டிற்று. 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. அவருடைய தலையாய பொழுதுபோக்கு, புதிய மொழிகளை இலக்கணத்துடன் ஆக்குதலாகும். பின்லாந்து மொழியின் ஓசையை விரும்பி ஒரு மொழியையும், வேல்ஸ் மொழியின் ஓசையைத் தழுவி வேறொரு மொழியையும் ஆக்கினார். அம்மொழிகளைப் பேசுவோருக்கு ஓர் உலகம் வேண்டியிருந்தது, அவ்வுலகமே கதையாயிற்று. படம் வரைந்து, தூரங் கணித்து, அதற்கேற்பப் பயணத்தை அமைத்தார்.

படத்தின் ஆட்சிக்கு நம் நாட்டிலும் சான்றுண்டு. 1956 முதல் 2008 இல் மறையும்வரை இலங்கையில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க் எழுதியவை விஞ்ஞானக் கதைகளே. எனினும் 1979 இல் வெளியான தம் நாவலொன்றில், கதைக்கு வேண்டிய விதி நிறைவேறும்பொருட்டு, இலங்கைத் தீவையே எண்ணூறு கிலோமீற்றர் தெற்கே நகர்த்திப் பூமத்திய ரேகையில் அமைத்துக்கொண்டார்.

டோல்கீன் பிறந்த அதே 1892 ஆம் ஆண்டிலேயே காரைதீவில் விபுலானந்த அடிகளார் தோன்றினார். அடிகளார் மாயக்கதை எழுதினாரல்லர். ஆயினும் வழக்கொழிந்து மறைந்த யாழ்களைப் பழைய நூற்சான்றுகளிலிருந்தும் கணிதத்திலிருந்தும் மீட்டமைத்த உழைப்பு, காணாத ஒன்றை விதியினாற் கட்டியெழுப்புதலின் உயர்ந்த வடிவமாகும். அவ்வுழைப்பின் பயனாகிய 'யாழ் நூல்' 1947 இல் அரங்கேறியது. அதிலே நம் வாவியின் இன்னிசையை நீரர மகளிரின் பாடலாகக் கண்டு அடிகளார் பாடியுள்ளார். விஞ்ஞானப் பட்டதாரியான ஒருவர் நீரர மகளிரைப் பாடக் கூசவில்லை என்பதனை நம் பெற்றோர் எண்ணிப்பார்ப்பாராக.

மூன்றாவது பொழுதுபோக்கு. மாயக்கதை ஆர்வலர் தனித்திருந்து வாசிப்பினும் கூட்டத்தையும் நாடுவர். டோல்கீனும், நார்னியாக் கதைகளை எழுதிய சி. எஸ். லூயிசும், நண்பர் சிலரும் வாரந்தோறும் கூடித் தம் எழுத்தை உரக்க வாசித்துக் குறை நிறைகளை ஆராய்ந்தனர். மேனாட்டு ஆர்வலர் கதைமாந்தரைப் போல உடையணிந்து கூடுவதுமுண்டு. இஃது ஏதோ புதுமை என நம் மாணவர் வியக்கின்றனர். மட்டக்களப்புக் கூத்துக் களரியில் கரப்புடுப்பும் முடியும் புனைந்து, விடியுமளவும் ஆடும் கமக்காரன் செய்வது வேறென்ன? அண்ணாவியார் சட்டங் கொடுத்தலும், ஆடுவோர் மாதக்கணக்கிற் பழகிச் சதங்கையணிதலும், பின் அரங்கேற்றமும் எத்துணை ஒழுங்குடையன! வடமோடி பெரும்பாலும் இதிகாசப் போர்களைக் கூற, தென்மோடி அரசிளங்குமரரின் காதலையும் அற்புதங்களையும் விரித்துரைக்கின்றது.

கதைக்கு வேண்டிய நிலமும் நமக்கு ஆயத்தமாகவே உள்ளது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவியின் ஒரு கரை எழுவான்கரை. மறு கரை படுவான்கரை. ஞாயிறு எழுவதும் படுவதுமாக இரு கரைகளுக்கும் பெயரிட்ட முன்னோர் கற்பனை வளமற்றவரா? கொக்கட்டிச்சோலையிற் கல் நந்தி புல் உண்டது என்பர். கல்லடியில் நிலாக்காலத்து இரவிலே, தோணியிலிருந்து நீருள் ஊன்றிய தண்டிற் செவி வைத்தால் இசை கேட்கும் என்பர். அவ்விசையை எழுப்புவது மீனா, ஊரியா என ஆராய்வது விஞ்ஞானம்; அதனைக் கேட்டவன் யாது செய்தான் எனத் தொடர்வது கதை. இரண்டும் ஒரே வியப்பிற் பிறந்தவை.

ஆனால் இச்செல்வம் என்றும் நிலைக்கும் என்று எண்ணுதற்கில்லை. கிராமத்துக் கதைகள் பல ஒரு முதியவரின் நினைவிலே மாத்திரம் வாழ்கின்றன. கூத்துப் பனுவல்கள் ஒரு கொப்பியில், ஒரு பெட்டியில் உறங்குகின்றன. 1978 இன் சூறாவளியும், 2004 இன் ஆழிப்பேரலையும், நீண்ட போரும் இப்பகுதியின் மனைகளை எவ்வாறு அழித்தன என்பதனை யாவரும் அறிவோம். ஒரே பிரதியாக உள்ள கதைக்கு ஒரு மழையே போதும். அதனைத் தேடி எழுதி வைக்கத்தக்கவர் யார்? பரீட்சைக்காக மாத்திரம் படிப்பவர் அதற்கு வாரார். நாம் நூலைப் பறித்துப் பூட்டுகின்றோமே, அம்மாணவனே அதற்கு உரியவன்.

இதனாற் கதைநூல் வாசிப்பவர் யாவரும் சிறந்தோர் என யாம் கூறவில்லை. கையில் வந்ததையெல்லாம் விழுங்கிப் பாடத்தையும் கடமையையும் மறப்பவன் தனக்கே தீங்கு செய்கின்றான். இருவரையும் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. அவன் குறிப்புக் கொப்பியைப் பாருங்கள். அதிலே ஒரு தேசப்படம், ஒரு பெயர்ப்பட்டியல், ஓர் ஐயம், ஒரு சொந்த வாக்கியம் இருப்பின், அவன் பொழுது வீண்போகவில்லை.

மாணவர்களே, நல்ல கதையை இருமுறை வாசியுங்கள். இரண்டாம் முறை அதன் விதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். விடுமுறைதோறும் ஒரு முதியவரிடம் ஒரு கதை கேட்டு, கூறியவர் பெயரும் ஊரும் நாளும் இட்டு எழுதுங்கள். மட்டக்களப்புச் சொற்களை மாற்றாது எழுதுங்கள். ஐவர் சேர்ந்தால் ஒரு வாசிப்பு வட்டம் ஆகும்.

பழைய மாணவர்களே, விழா நினைவாகக் கல்லூரி நூலகத்தில் ஓர் அலுமாரியை இக்கதைகளுக்கென ஒதுக்கித் தாருங்கள். பெரும்பொருள் வேண்டியதில்லை, பூட்டு மாத்திரம் வேண்டாம்.