சேஷ்டையும் சேட்டையும்

வடமொழியில் 'சேஷ்டை' என்ற சொல்லுக்கு உடம்பின் அசைவு, செயல் என்பதற்கு மேல் பழிச்சுமை எதுவும் கிடையாது. தமிழ் வீடுகளுக்குள் நுழைந்து 'சேட்டை'யாக உருமாறிய பிறகுதான், வேண்டுமென்றே செய்கிற குறும்பு என்ற குற்றச்சாட்டு அதன்மேல் ஏறிக்கொண்டது. சென்ற வாரம் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சைப் பற்றி எழுதினேன். அதன் அவயவங்களைப் பற்றி எழுத உட்கார்ந்த இவ்வாரம், அந்தச் சொல்லின் கதைதான் முதலில் நினைவுக்கு வந்தது.

சூலக்கரையில் எட்டு வயதுப் பையன் ஒருவன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மின்விசிறி சுழன்றாலும் பேருந்து வந்து திரும்பினாலும் இரண்டு கைகளையும் சிறகுபோல் அடித்துக்கொள்வது அவனுக்கு இரண்டு வயது முதலே உள்ள சுபாவம். வீட்டாருக்கு அது பழகிவிட்டது. இந்த வருஷம் புதிதாகக் கண் படபடவென்று இமைக்கிறது. "புள்ள கண்ண வெட்டிக்கிட்டே இருக்கான், இருக்கன்குடி ஆத்தாளுக்குக் கண்மலர் வாங்கிப் போடுறதா வேண்டிக்கோங்க" என்கிறாள் அப்பத்தா. "சேட்டை பண்ணாதடா" என்று அதட்டுகிறார் தகப்பனார். ஒரு மாதத்தில் இமைப்பு தானாக அடங்குகிறது, கண்மலரும் செலுத்தியாகிவிட்டது. அடுத்த மாதமே தோள் வெடுக்கென்று குலுங்கவும், சளி ஏதுமின்றித் தொண்டை செருமவும் தொடங்கும்போது, வேண்டுதலும் அதட்டலும் ஒருசேரத் திகைத்து நிற்கின்றன.

கையடிப்பும் கண்ணிமைப்பும் ஒன்றல்ல. முன்னது பெரும்பாலும் மூன்று வயதுக்குள் தோன்றி, வருஷக்கணக்கில் ஒரே உருவத்தோடு, தாள லயத்தோடு நிகழ்வது. ஆனந்தத்திலோ கலக்கத்திலோ பிறப்பது. கவனம் வேறுபக்கம் திரும்பினால் நின்றுவிடுவது. அதை நிறுத்தத் துடிப்பவர்களிடம், யாருக்காக நிறுத்த வேண்டும் என்று மட்டும் கேட்பேன். பின்னதையே வைத்தியர்கள் 'டிக்' என்பார்கள். பொதுவாக நாலிலிருந்து ஆறு வயதுக்குள் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு வயதில் உச்சமடைந்து, பிறகு பலருக்குத் தணிகிற அது, மின்வெட்டுப்போல் கணநேரத்தில் வந்துபோகும். அவயவம் விட்டு அவயவம் தாவும். சில வாரம் ஒளிந்திருந்து மீண்டும் தலைகாட்டும். தும்மலுக்குமுன் மூக்கில் ஏறும் குறுகுறுப்பைப்போல ஓர் உந்துதல் அதற்கு முன்னே வருவதுண்டு. தும்மலைப்போலவே சற்று நேரம் அடக்கவும் முடியும். பள்ளிக்கூடத்தில் பிரயத்தனப்பட்டு அடக்கிய பிள்ளை வீட்டுக்கு வந்து கொட்டித் தீர்ப்பதால், ஆசிரியை இல்லையென்பதும் தாயார் உண்டென்பதும் இரண்டுமே சத்தியமாக இருக்கலாம். ஆனால் சொற்கள் எளிதில் வசப்படாத ஆட்டிசக் குழந்தையால் அந்தக் குறுகுறுப்பை எப்படி எடுத்துரைக்க இயலும்? ஆகவே பிரித்தறியும் பொறுப்பு பார்க்கிறவர்களின் கண்களுக்கு வந்துசேர்கிறது.

வைத்திய சாஸ்திரமே டிக்கையும் ஆட்டிசத்தையும் தனித்தனிக் கதவுகள் வழியாகத்தான் கண்டடைந்தது. 1885-இல் பாரிஸில் ஜில் த லா தூரெத் ஒன்பது நோயாளிகளின் விசித்திர வெட்டசைவுகளை விவரித்தார். 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் பதினொரு குழந்தைகளைக் கொண்டு ஆட்டிசத்தை விவரித்தார். இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருப்பது அபூர்வமல்ல.

அண்டை வீட்டார் டிக்கை 'வலிப்பு' என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். டிக்கின்போது பிரக்ஞை தவறுவதில்லை. ஆயினும் ஆட்டிசக் குழந்தைகளுக்கு வலிப்பும் மற்றவர்களைவிட அதிகமாகவே வருவதால், கூப்பிட்டும் உணராமல் பார்வை நிலைகுத்தி நின்றால் வைத்தியரிடம் போகத் தாமதிக்கலாகாது. டாக்டரின் அறைக்குள் நுழைந்ததும் டிக் ஓடி ஒளிந்துகொள்ளும். ஆகவே செல்போனில் ஒரு நிமிஷம் படமெடுத்துக்கொண்டு போவது நீண்ட வர்ணனைகளைவிடப் பயன்படும்.

வலியோ இடைஞ்சலோ இல்லையென்றால் பெரும்பாலும் சிகிச்சையே வேண்டாம். வேண்டுமானால், 1973-இல் அஸ்ரினும் நன்னும் வகுத்த பயிற்சி இருக்கிறது: உந்துதல் எழும்போது அவ்வசைவுக்கு எதிரான வேறோர் அசைவைச் செய்யப் பழக்குவது. பேசாத குழந்தைக்கு அதைப் படமும் விளையாட்டுமாக மாற்றித் தரவேண்டியிருக்கும். மருந்து அதற்கும் பின்னால்தான். "நிறுத்து, நிறுத்து" என்று நச்சரிப்பது மட்டும், கொட்டாவியைப் பற்றிப் பேசிக் கொட்டாவியை வரவழைப்பதற்குச் சமானம்.

அலுப்பு, தூக்கக்குறைவு, பரபரப்பு ஆகியவை டிக்கைப் பெருக்குகின்றன. தீபாவளிப் பரபரப்போ சிவகாசியைச் சுற்றிய ஊர்களுக்குப் பல மாதம் முன்பே வந்துவிடுகிறது. வெடி வெடிக்குமிடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் ஓசை 125 டெசிபலைத் தாண்டலாகாது என்கிறது சட்டம். காதைப் பொத்திக்கொண்டு கட்டிலடியில் பதுங்கும் பிள்ளைக்கு அந்த அளவுகோல் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.