கைப்பேசிப் பிராசஸர்களின் தலைமுறைகளை ஒப்பிடும் முறை

புதிய ஸ்மார்ட்போன் ஒன்று விற்பனைக்கு வரும்பொழுது, அதன் பிராசஸர் முந்தியதைக் காட்டிலும் பன்மடங்கு வேகமுடையது என விளம்பரம் செய்யப்படுவது வழக்கம். கள ஊழியர்களும் ஆசிரியர்களும் தம் கைப்பொருளைச் செலவிட்டே பெரும்பாலும் இக்கருவியை வாங்குகின்றனர். ஆதலின், இவ்வேகம் எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதை அறிந்திருத்தல் நலம்.

பிராசஸர் என்பது கட்டளைகளை ஏற்று நிறைவேற்றும் சிலிக்கன் சில்லு. அதன் வேலை இடையறாத மின்துடிப்புக்கு இயைந்து நடைபெறுகிறது. வினாடிக்கு நூறு கோடித் துடிப்புகள் ஒரு கிகாஹெர்ட்ஸ் எனப்படும். துடிப்பின் எண்ணிக்கையே வேலையின் அளவு என்று கருதுதல் பொருந்தாது. நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள பாலராமபுரத்துக் கைத்தறிகளைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர். நாடா நிமிஷத்துக்கு எத்தனை முறை ஓடுகிறது என்பதோடு, துணியின் அகலத்தையும் தறிகளின் தொகையையும் சேர்த்தன்றோ நெய்த துணியைக் கணக்கிட வேண்டும்! துடிப்பு நாடாவின் ஓட்டத்தை ஒக்கும். ஒரு துடிப்பில் முடியும் வேலை துணியின் அகலத்தை ஒக்கும். 'கோர்' எனப்படும் உட்பகுதிகள் தறிகளை ஒக்கும்.

ஆப்பிள் கம்பெனி 2012-இல் வெளியிட்ட ஏ6, 2013-இல் வெளியிட்ட ஏ7 ஆகிய பிராசஸர்கள் இதற்குத் தக்க சான்று. ஐஃபோன்களில் அவ்விரண்டும் 1.3 கிகாஹெர்ட்ஸ் துடிப்பும் இரண்டு கோர்களும் உடையவையே. ஆயினும் ஏ7 இரு மடங்கு வரை வேகமுடையது என்று கம்பெனி அறிவித்தது. ஒரே துடிப்பில் அது ஏற்கக்கூடிய கட்டளைகள் மிகுந்ததே இதற்கு முக்கிய காரணமாகும்.

பாறசாலை, காட்டாக்கடை ஆகிய ஊர்களுக்கு அண்மையிலுள்ள திருவனந்தபுரத்தில், மத்திய அரசின் சி-டாக் ஸ்தாபனம் 'வேகா' என்னும் பிராசஸர் வரிசையை அமைத்துள்ளது. இவை கைப்பேசிக்கென அமைந்தவை அல்ல. எனினும் தலைமுறை வளர்ச்சியை இவற்றில் தெளிவாகக் காணலாம். வரிசையில் எளியது 32 பிட் அமைப்புடையது. கட்டளையை மூன்று படிகளில் முடிப்பது. அடுத்தது 64 பிட், ஆறு படிகள் கொண்டது. அதற்கும் மேற்பட்டவை, ஒரு கட்டளை காத்திருக்க நேரும்பொழுது, ஆயத்தமாயுள்ள பிந்திய கட்டளையை முன்னதாகவே செய்து முடிக்கும் திறனுடையவை. முதல் வகையைக் கொண்ட 'தேஜஸ்32' சில்லின் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ். 2025 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட 'துருவ்64' சில்லோ இரண்டு கோர்களும் 1 கிகாஹெர்ட்ஸ் துடிப்பும் உடையது. துடிப்பு பத்து மடங்கு ஆயினமையால் வேலையும் பத்து மடங்கே என்று முடிவு கட்டலாகாது. அமைப்பே மாறியுள்ளமை கருதத்தக்கது.

சில்லை வார்க்கும் தொழிற்சாலையும் பயனை மாற்றும். குவால்காம் கம்பெனி 2021-இல் வெளியிட்ட ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 ஸாம்ஸங் ஆலையில் தயாரானது. மறு ஆண்டு வந்த 8 பிளஸ் ஜென் 1, பெரும்பாலும் அதே அமைப்புடன், தைவான் நாட்டு டி.எஸ்.எம்.சி. ஆலையில் தயாராகி, குறைந்த மின்சக்தியில் அதிக வேகம் தந்தது. மின்செலவு குறைந்தால் வெப்பமும் குறையும். மிகையான வெப்பத்தில் கைப்பேசி தன் துடிப்பைத் தானே தாழ்த்திக்கொள்ளுமாதலால், வெயிலில் பணிபுரிவோர்க்கு இது சிறிய விஷயமன்று.

சோதனை மதிப்பெண்களை ஒப்பிடும்போதும் அளவுகோல் ஒன்றாக இருத்தல் வேண்டும். 'கீக்பெஞ்ச்' சோதனையின் 5-ஆம் பதிப்பில் அடிப்படை மதிப்பெண் 1000. 6-ஆம் பதிப்பில் அது 2500. அடிப்படையாகக் கொண்ட கணினியும் வேறு. ஒன்றில் பெற்ற எண்ணை மற்றதில் பெற்ற எண்ணோடு ஒப்பிடுவது, படியால் அளந்ததைக் கிலோவால் நிறுத்ததோடு ஒப்பிடுவதாகும்.

படிவம் நிரப்புதல், படம் எடுத்தல், இடம் குறித்தல் ஆகிய பணிகளுக்குச் சில தலைமுறை முந்திய பிராசஸரே பெரும்பாலும் போதுமானது. ஆகவே வாங்குவோர், எண்களைக் காணுமுன் தம் வேலை யாது என வரையறுத்துக்கொள்வதும், பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை ஆண்டு கிடைக்கும் எனக் கேட்டறிவதும் பயனுடைய செயல்களாம்.