கண்ணாடி விரியனுக்குக் கண்ணாடிக் குழாய்

ரத்தம் உறைவதைப் பார்க்கும் டெஸ்ட்டுகளைப் பற்றிப் பேசச் சொல்லி நர்சிங் படிக்கிற சிலர் கேட்டிருந்தீங்க. பாடப்புத்தகம் பி.டி., ஏ.பி.டி.டி. என்று ஆரம்பிக்கும். நான் பாகூர் பக்கத்து வயலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கண்ணாடி விரியன் விஷம், ரத்தத்தில் உள்ள உறைதல் காரணிகளை உசுப்பிவிட்டு மொத்தத்தையும் செலவழிக்க வைக்கும். அவை தீர்ந்துபோனால் ரத்தம் உறையாது. ஈறு கசியும், சிறுநீர் சிவக்கும். (இதே விஷத்தை நீர்க்கச் செய்து லேபில் ஓர் உறைதல் டெஸ்ட்டுக்குப் பயன்படுத்துறாங்க என்பது தனிக் கதை.)

கடிபட்டவருக்கு இப்படி ஆகியிருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? நரம்பிலிருந்து 2 மி.லி. ரத்தம் எடுத்து, காய்ந்த, புதுக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைக்கணும். பிறகு ஒரே ஒரு முறை சாய்க்கணும். ரத்தம் தண்ணியா ஓடினால் விஷமுறிவு மருந்து தேவை. அவ்வளவுதான் டெஸ்ட்.

ஏன் கண்ணாடி? அந்தப் பரப்பில் பட்டதும் பன்னிரண்டாம் காரணி விழித்துக்கொள்ளும், உறைதல் தொடங்கும். பிளாஸ்டிக் அப்படிச் செய்யாது. சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடியும் சரிப்படாது. இரண்டிலும் நல்ல ரத்தமே உறையாத மாதிரி தெரியும். தேவையில்லாதவருக்கு மருந்து ஏறும். அது குதிரை ரத்தத்திலிருந்து தயாராவது. கடும் ஒவ்வாமையில் உயிருக்கே ஆபத்து வரலாம். வேலை நெருக்கடியில் 20 நிமிடத்தை 40 ஆக்கினாலோ, தாமதமாக உறைகிற ரத்தம்கூட உறைந்து கிடக்கும். விஷம் நம் கண்ணிலிருந்து தப்பிடும்.

மருந்து கொடுத்த பிறகு அடுத்த டெஸ்ட் 6 மணி நேரம் கழித்து. விஷம் முறிந்தாலும், கல்லீரல் புதுக் காரணிகளைச் செய்ய நேரம் வேணும். அவசரப்பட்டுப் பார்த்துட்டுப் பதறாதீங்க.

கோரிமேடு ஜிப்மர் மாதிரி பெரிய ஆஸ்பத்திரி என்றால் லேபில் பி.டி.யும் பார்ப்பாங்க. அதற்கு நீலமூடிக் குழாய். 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட். சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்து வைப்பதால் ரத்தம் வழியில் உறையாது. லேபில் கால்சியத்தைத் திரும்பச் சேர்த்து, உறைய எத்தனை விநாடி என்று எண்ணுவாங்க. குழாயைப் பாதி மட்டும் நிரப்பினால் சிட்ரேட் மிஞ்சும். சேர்க்கிற கால்சியத்தையும் விழுங்கும். விநாடிகள் பொய்யாக நீளும்.

பாம்புக்கடி வார்டில் மட்டும் வருகிற சிக்கல் இல்லை இது. செயற்கை இதய வால்வு வைத்தவர் வார்ஃபரின் சாப்பிடுவார். அந்த விநாடிகளிலிருந்து கணக்கிடுகிற ஐ.என்.ஆர். பொய்யாக ஏறினால் டாக்டர் மாத்திரையைக் குறைப்பார். வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளலாம்.

கோடு வரை வரலையா? வேறு குழாயிலிருந்து ஊற்றி ஒப்பேற்றாதீங்க. மறுபடி எடுங்க. அவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. நிரம்பியதும் மூணு நாலு தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்க, குலுக்க வேண்டாம். எடுத்த நேரத்தை ஃபாரத்தில் எழுதிடுங்க.