சவரக் கத்தியைத் துருவினின்றும் காத்தல்

திருக்கடையூர், தரங்கம்பாடி முதலிய கடலை அடுத்த ஊர்களில் இரும்புக் கருவிகள் விரைவில் துருவேறும் என்பது யாவரும் அறிந்ததே. மண்வெட்டியும் அரிவாளும் துருப்பிடித்தால் மீண்டும் தீட்டி வேலைகொள்ளலாம். மடக்குச் சவரக் கத்தியின் செய்தி வேறு. அதன் வாய் தலைமயிரின் கனத்தில் ஏறக்குறைய நூற்றிலொரு பங்கே கனமுடையது. ஓரிரவில் அங்கே தோன்றும் சிறு துருப்புள்ளியும் வாயைப் பல்லாக்கிவிடும். அப்பல்லை நீக்கச் சாணை பிடிக்குந்தோறும் அலகு தேய்கிறது. நாவிதரின் முதலும் அத்துடன் தேய்கிறது. முற்காலத்தில் இவ்வட்டாரத்தில் அறுவடைக் களத்தில் நெல்லாகக் கூலி பெற்ற தொழிலாளருக்கு, நல்ல கத்தியொன்று எளிதில் மறுபடி வாங்கத்தக்க பொருளாக இருக்கவில்லை.

இரும்பு, பிராணவாயு, ஜலம் ஆகிய மூன்றும் கூடுவதால் உண்டாவதே துரு. உப்பு அச்செயலைத் துரிதப்படுத்தும். கடற்காற்றிலும், கரையோரக் கிணறுகள் பலவற்றின் உவர்நீரிலும், சவரம் செய்துகொள்பவரின் வியர்வையிலும் உப்பு உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யுங்கால் காற்றே ஈரமாயிருப்பதால், நீரில் தோயாத கத்தியும் பெட்டிக்குள்ளேயே துருப்பிடிப்பதுண்டு.

ஆகையால் சவரம் முடிந்தவுடன் சோப்பு நுரையும் மயிரும் நீங்க நன்னீரில் அலசுதல் வேண்டும். பின்னர் பழைய வேஷ்டித் துணியால் முதுகுப் புறத்திலிருந்து வாயை நோக்கித் துடைக்கவும்; எதிர்ப்புறமாகத் துடைப்பின் விரல் அறுபடும். பலர் மறப்பது பிடியின் உட்பிளவையும் ஆணி மூட்டையுமே. அங்குத் தங்கும் துளி நீர், கத்தியை மடித்தபின் அலகை அரிக்கத் தொடங்கும். துணியின் ஓரத்தை அப்பிளவினுள் இழுத்துத் துடைத்து, அரைமணி நேரம் நிழலில் விரித்து வைப்பது நலம். அடுப்பனலில் காட்டி உலர்த்தலாகாது. சூடு மிகுந்து எஃகு நீலம் பாரிக்குமாயின் அதன் பதம் போயிற்றென்று கொள்க. எவ்வளவு தீட்டினும் அப்புறம் கூர் நில்லாது.

உலர்ந்த அலகில் எண்ணெயை மெல்லிதாகப் பூசவேண்டும். தையல் இயந்திரத்திற்கிடும் எண்ணெய் சிறந்தது. தேங்காயெண்ணெயும் உதவும், ஆனால் காறிய எண்ணெயில் புளிப்பு உண்டாகி அதுவே இரும்பைத் தின்னும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாகி ஒட்டும். மழைக்காலத்திற்கு, தடிப்பாயினும் நெடுநாள் நிற்கும் ஆமணக்கெண்ணெய் ஏற்றது. தோலுறை ஈரத்தை இழுத்துவைப்பதால் அதில் கத்தியை இடாது, மூடியுள்ள தகரப் பெட்டியில் வைக்கலாம். நீற்றாத கிளிஞ்சற் சுண்ணாம்பு சிறிது துணியில் முடிந்து, கத்தியின்மேல் படாமல் அதனுள் இடின் ஈரத்தை உறிஞ்சும், பொடியாகிவிட்டால் மாற்றவேண்டும். குழந்தைகளுக்கு எட்டாதிருத்தல் அவசியம்.

பாத்திரம் துலக்கும் உமிச்சாம்பலால் துருவைத் தேய்ப்பாருளர். அதில் பெரும்பகுதி மணற்சத்தாதலால் வாயருகே கீறல் விழும்.

1913-ஆம் ஆண்டில் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பார் குரோமியம் கலந்து ஆக்கிய துருவேறா எஃகு இந்நாளில் எங்கும் கிடைக்கிறது. அதுவும் உப்பு நீரில் ஊறினால் புள்ளி விழும்.

எண்ணெய் துருவைத் தடுக்குமேயன்றி நோய்க்கிருமிகளைக் கொல்லாது. ஒருவர் இரத்தம் பட்ட கத்தியால் மற்றொருவருக்கு மஞ்சட்காமாலை வகைகளில் ஹெபடைடிஸ் 'பி' முதலியன பரவக்கூடும். பிளீச்சிங் பௌடர் கரைசலோ கிருமியைக் கொல்லினும் எஃகை வெகுவாக அரிக்கும். சலவைச் சோடா சிறிது கரைத்த நீரில் இருபது நிமிஷம் கொதிக்க வைப்பின் அந்நோய்க்கிருமி அழியும், துருவும் குறையும். ஆயினும் கொம்புப் பிடியும் செல்லுலாய்டுப் பிடியும் கொதிநீரில் கெடும். ஆதலின் பலருக்குச் சவரம் செய்யுமிடத்தில், ஆளுக்கொரு புதிய பிளேடு மாற்றத்தக்க கத்தியையே கையாள வேண்டும். பழைய மடக்குக் கத்தி ஒருவரே உபயோகிக்கும் வீட்டுக் கருவியாக இருக்கட்டும்.