விதிநூல்: தாளிலா, திரையிலா?

பொம்மைச் சேனைகளை மேசைமீது அணிவகுத்து, அளவுநாடாவால் தூரம் அளந்து, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டில், எதிரெதிர் நிற்கும் இருவருக்கும் பொதுவான நீதிபதியாக விளங்குவது விதிநூல். 1824-இல் பிரஷ்யப் பீரங்கிப்படை அதிகாரியான ரைஸ்விட்ஸ் தம் ராணுவத்தாரின் பயிற்சிக்கென இத்தகைய ஆட்டமொன்றின் விதிகளைப் பிரசுரித்தபோது, சந்தேகம் தீர்க்க மத்தியஸ்தர் ஒருவரும் உடன் வைக்கப்பட்டார். 1913-இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூலில் வீட்டுத் தரையிலே ஆடத்தக்க எளிய விதிகளை வகுத்துத் தந்தார். மத்தியஸ்தரைத் தேடிப் பிடிக்க இயலாத வீடுகளில் அவருடைய ஸ்தானம் புத்தகத்துக்கே உரியதாயிற்று. இன்று அந்த ஸ்தானத்துக்குக் கைபேசியும் போட்டியிடுகிறது.

போட்டிக்குக் காரணம், விதிகள் அடிக்கடி மாறுவதே. இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரத்து கேம்ஸ் ஒர்க்ஷாப் நிறுவனம் 1987-இல் வெளியிட்ட ‘வார்ஹாமர் 40,000’ ஆட்டம், 2017, 2020, 2023 ஆகிய ஆண்டுகளில் புதுப் பதிப்புக் கண்டது. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு புள்ளிவிலை உண்டு. இருவரும், பெரும்பாலும் 2,000 என்று, முன்னரே பேசிவைத்த புள்ளிக்குள் தத்தம் சேனையைத் திரட்ட வேண்டும். ஏதேனும் ஒரு பிரிவு அளவுக்கு மீறி வெல்லுமாயின் அதன் விலையை உயர்த்துவதே பரிகாரம். பழைய விலை அச்சேறியிருந்த பக்கமோ அன்றே பயனற்றதாகிவிடும். ஆகவேதான் 2023-ஆம் ஆண்டுப் பதிப்பில் மூலவிதிகளும் புள்ளிப் பட்டியலும் இலவச பி.டி.எஃப். கோப்புகளாகக் கிடைக்கலாயின.

ஆயினும் மேசையருகில் தாளுக்குள்ள மதிப்பு குறையவில்லை. இடிந்த சுவரின் பின்னே பாதி மறைந்து நிற்கும் வீரனைச் சுடலாமா என்று தர்க்கம் எழும்போது, விரித்த புத்தகத்தில் விதியும் அதன் விலக்கும் விளக்கப்படமும் ஒருசேரத் தெரிய, இருவரும் ஒரே பக்கத்தை ஒரே சமயத்தில் வாசிக்கலாம். கைபேசி, தேடிய சொல்லை நொடியில் காட்டுமெனினும், அதன் சிறிய திரையில் விதி ஒரு புறமும் விலக்கு மறுபுறமுமாய்ப் பிரிந்து கிடக்கும்.

உடைமை பற்றிய பிரச்சினையும் உண்டு. வார்ஹாமரில் ஒரு சேனைக்குரிய புத்தகத்தோடு, நிறுவனத்தின் கைபேசிச் செயலியில் அதன் விதிகளைத் திறக்கும் சங்கேத எண் ஒன்று தரப்படுகிறது. அது ஒருமுறை மட்டுமே பிரயோகிக்கத் தக்கதாதலால், பழைய புத்தகத்தை வாங்குபவருக்குத் தாள் கிட்டுமேயன்றித் திரை கிட்டாது. 1987-ஆம் ஆண்டுப் புத்தகத்தை வைத்திருப்பவரோ, எவர் அனுமதியுமின்றி இன்றும் அதைக் கொண்டு ஆடலாம்.

விதிகள் அடிக்கடி மாறும் சிக்கலுக்குத் தாளிலேயே ஒரு வழி கண்டவர்கள் உளர். அமெரிக்காவின் அவலோன் ஹில் நிறுவனம் 1985-இல் வெளியிட்ட ‘அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர்’ விதிநூல், துளையிட்ட தனித்தாள்களாக வளையக் கோப்பில் அமைந்தது. திருத்தம் வந்தால் பழைய தாளை நீக்கிப் புதியதைச் செருகினால் போதும். மாறும் பகுதியையும் மாறாப் பகுதியையும் வேறாக்க வேண்டும் என்னும் தத்துவம் அங்கேயே அடங்கியிருக்கிறது. நகர்வு, சுடுதல், கைகலப்பு முதலிய மூலவிதிகளைத் தாளிலும், புள்ளிவிலைகளைத் திரையிலும் வைத்துக்கொண்டு, எந்தத் தேதியின் பட்டியல் செல்லும் என்பதை முதல் பகடை உருளுமுன் பேசி முடித்துக்கொள்வோருக்கு இரண்டும் அனுகூலமே.