வெள்ளக்கடை மண்ணும் வீணாகும் மணிச்சத்தும்

சேர்வராயன் மலையில் காப்பியையும் மிளகையும் நம்பி வாழும் வெள்ளக்கடை போன்ற ஊர்களில், உர மூட்டைக்குச் செலவாகும் பணம் சிறிதன்று. அம்மூட்டையிலுள்ள மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, இன்றிப் பயிர் வேரூன்றாது, பூத்துக் காய்க்காது. தழைச்சத்தைக் காற்றிலிருந்தே ஆலையில் ஆக்கிக்கொள்ளலாம். மணிச்சத்தையோ பாறையிலிருந்து வெட்டியே எடுத்தாக வேண்டும். இராஜஸ்தானத்து ஜாமர்கோட்டராவில் அப்பாறை கிடைப்பினும் நாட்டின் தேவைக்குப் போதாது. மொராக்கோ, ஜோர்தான் முதலிய தேசங்களிலிருந்து கப்பலேறி வருகிறது.

இம்மலை மண்ணுக்கு ஒரு தனிக் குணமும் உண்டு. அது புளிப்பு மண். பாக்சைட் கிடைக்கும் மலையாதலால் அலுமினியமும் இரும்பும் மிகுதி. இவை மணிச்சத்தை இறுகப் பற்றிக்கொள்ள, இட்ட உரத்தில் பெரும்பங்கு செடிக்கு எட்டாமலே போகிறது.

நாம் எறிந்துவிடுவதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். வளர்ந்த ஒருவரின் உடலிலிருந்து, உணவுக்கேற்ப, ஆண்டுக்கு ஏறத்தாழ அரைக் கிலோ பாஸ்பரஸ் வெளியேறுகிறது. அதில் பாதிக்குமேல் சிறுநீரில். ஐவர் கொண்ட குடும்பம் நான்கு ஆண்டுகளில் மலக்குழிக்குள் விடுவது, 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை ஒன்றிலுள்ள பாஸ்பரஸுக்குச் சமம்! காசு கொடுத்து மலைமேல் ஏற்றியது குழியில் புதைகிறது, அல்லது ஓடை வழியே இறங்கி ஏரியில் பாசியை வளர்க்கிறது.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்கு இதில் பழைய தொடர்புண்டு. 1669-இல் ஹென்னிக் பிராண்ட் என்பவர் பொன் செய்யும் ஆசையால் சிறுநீரைக் காய்ச்சப்போய்ப் பாஸ்பரஸைக் கண்டார். 1845-இல் அந்நகரின் புனித நிக்கோலாஸ் ஆலயத்திற்கு அஸ்திவாரம் தோண்டுகையில், பழங்கழிவு ஊறிய மண்ணில் புதிய படிகம் ஒன்று அகப்பட்டது. அதற்கு ஸ்ட்ரூவைட் என்று பெயரிட்டனர். இன்று கழிவுநீர்க் கசடைப் பிழிந்த நீரில் மக்னீசியத்தைச் சேர்த்து, அதே ஸ்ட்ரூவைட்டை மணல்போல் படியவைத்து உரமாக்குகின்றனர். மெல்லக் கரைவதால் மழை அதனை எளிதில் அடித்துச் செல்வதில்லை. 2029 முதல் பெரிய கழிவுநீர் நிலையங்களின் கசடிலிருந்து பாஸ்பரஸை மீட்டே ஆகவேண்டுமென ஜெர்மனி 2017-இல் சட்டமியற்றியது. அதற்கு வேண்டிய மக்னீசியம் நம் காலடியிலேயே உள்ளது. சேலத்தை அடுத்து, இம்மலையடிவாரத்தில் வெண்மையாய்த் தோன்றும் குன்றுகள் மாக்னசைட் கல்லே.

ஆயினும் ஆலை பெருநகருக்குரியது. பாதாளச் சாக்கடை இல்லாத மலைக்கிராமத்துக்கு முசிறியே நல்ல முன்மாதிரி என்பது நம் கருத்து. திருச்சி மாவட்டத்து அவ்வூரில் ‘ஸ்கோப்’ தொண்டு நிறுவனம் 2006-இல் அமைத்த பொதுக் கழிவறையில், சிறுநீர் தனியே பிரிந்து தொட்டிக்குச் சென்றது, வாழைக்கு உரமாயிற்று. மலம் விழும் அறைகள் இரண்டு. ஒன்று நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதைத் திறப்பர். ஒவ்வொரு முறையும் சாம்பல் தூவுவர். மூடிய அறையில் மலம் மட்கி எருவாகும்.

பச்சை மலத்தை மனிதர் கையால் அள்ளும் இழிவை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. உரத்தின் பேரால் அது மீண்டும் தலைகாட்டுமாயின் அவ்வுரமே நமக்கு வேண்டாம். ஆகவே நன்கு மட்கும்வரை பொறுத்தல் அவசியம். குளிர்ந்த மலையில் கிருமிகளும் புழு முட்டைகளும் மெதுவாகவே மடியும். சமவெளியில் ஓராண்டு போதுமெனின், இங்கே ஒன்றரை முதல் இரண்டாண்டுகள் வேண்டும். பிறகு காப்பிச் செடியைச் சுற்றிக் குழி பறித்திட்டு மண்ணால் மூடலாம். கீரைப் பாத்திக்கு மட்டும் ஆகாது.