வியர்க்காத பாதம்



குதிக்காலிற் பித்தவெடிப்புக் கண்டால் நாம் அதனைப் பெரிதாகக் கொள்வதில்லை. வெறுங்காலுடன் நடப்பவர்க்கு வருவதுதானே என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது சரியே. ஆயினும், பல்லாண்டுகளாக நீரிழிவு உடைய ஒருவரின் பாதம் வியர்வையற்று உலர்ந்து வெடிக்குமாயின், குறை தோலில் மட்டுமன்றித் தோலை ஆளும் நரம்பிலும் இருக்கலாம்.

நம்மைக் கேளாமலே இதயத்தையும் குடலையும் நெறிப்படுத்தும் நரம்புகளைத் தன்னாட்சி நரம்புத்தொகுதி என்பர். வியர்வையும் அதன் ஆட்சிக்கு உட்பட்டதே. உடலெங்கும் 20 முதல் 40 இலட்சம் வரையான வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை மிக நெருங்கியிருக்கின்றன. நீரிழிவு நீண்ட நரம்புகளையே முதலிற் பழுதாக்குவதால், பாதமே முதலில் வறள்கிறது. கீழே இழந்ததை ஈடுசெய்வதுபோல முகமும் மார்பும் மிகுதியாக வியர்ப்பதுண்டு. சிலருக்கு உண்ணத் தொடங்கியதும் முகமும் கழுத்தும் நனைந்துவிடும். நாம் கறியின் உறைப்பின்மேற் பழியைப் போடுவோம். உறைப்பில்லாத உணவுக்கும் அவ்வாறு வியர்க்குமாயின் அதனை வைத்தியரிடம் கூறவேண்டும்.

1928 ஆம் ஆண்டில் மைனர் என்பவர் வெளியிட்ட சோதனை எளிமையானது. தோலில் அயடீன் கரைசலைப் பூசி, உலர்ந்தபின் மாப்பொருளைத் தூவி, உடலைச் சூடாக்குவர். வியர்க்கும் இடம் கருநீலமாகும். நரம்பு கெட்ட இடம் நிறம் மாறாது.

நம்மை ஏமாற்றும் குறியொன்றும் உண்டு. குருதிக் குழாய்களைச் சுருக்கும் நரம்பும் செயலிழப்பதால், அப்பாதம் இளஞ்சூடாய், நாளங்கள் புடைத்துக் காணப்படலாம். “கால் சூடாக இருக்கிறது, இரத்தவோட்டம் நன்று” என்று வீட்டார் மகிழ்வர். உணர்ச்சி நரம்பும் உடன் கெட்டிருந்தால் வெடிப்பு வலிக்காது. வலியாத வெடிப்பினூடே கிருமி புகுந்து புண்ணாகும். கால் விரலையோ பாதத்தையோ அகற்ற நேர்வது பெரும்பாலும் இத்தகைய சிறு புண்ணிலிருந்தே தொடங்குகிறது.

முகத்தைப் பார்க்க வீடுதோறும் கண்ணாடி வைத்திருக்கிறோம்; உள்ளங்காலை எவர் பார்க்கிறார்? நீரிழிவுடையோர் அதே கண்ணாடியை இரவில் நிலத்தில் வைத்துப் பாதத்தைப் பார்க்கலாம். கழுவித் துடைத்தபின் ஈரங்காக்கும் களிம்பைப் பூசுக. விரலிடுக்குகளில் மட்டும் பூசற்க. சுடுநீரிற் காலை வைக்குமுன் முழங்கையால், அல்லது வீட்டிலுள்ள வேறொருவரைக் கொண்டு, சூட்டைச் சோதித்துக் கொள்க. புண்ணோ கொப்புளமோ தென்பட்டால், வலியில்லாவிடினும், அன்றே வைத்தியரிடம் காட்டுக.